நாற்பதாயிரம் சீட்டுகளின் மேல் ஓரம்

கிராகோவ்,
14 நவம்பர் 1971

மதிப்பிற்குரிய பேராசிரியர் செவெரின் ஓல்ஷான்ஸ்கி ஐயா அவர்களுக்கு,

டாக்டர் எஸ்தெரா லெவெந்தாலின் இருபத்து மூன்று வருட உழைப்பை நீங்கள் திருடிவிட்டீர்கள். கத்தி பிடித்தது என் கை.

இதை நேரில் சொல்ல மூன்று முறை உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் மூட்டுவலிக்கு நீர்ச்சிகிச்சை எடுக்க கிரினிட்சாவுக்குப் போய்விட்டதாகவும் டிசம்பரில்தான் திரும்புவீர்கள் என்றும் செயலாளர் சொன்னார். அதனால்தான் கடிதம். முழங்கால் எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று கேட்டுப் பழகிய கை இது. அதையும் கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

நம் லிதுவேனியச் சொல் அகராதியின் முதல் தொகுதி செவ்வாய்க்கிழமை அச்சகத்திலிருந்து வந்தது. பத்துப் பிரதிகள். கட்டைப் பிரித்ததும் அகராதி அறையில் எல்லோரும் கூடிவிட்டோம். முகப்பில் உங்கள் பெயர் மட்டும். முன்னுரையில் அமைச்சகத்துக்கு நன்றி, அச்சகத்துக்கு நன்றி, உங்கள் மனைவியின் பொறுமைக்கு நன்றி, சீட்டுகளை ஒழுங்குபடுத்திய செல்வி பொஜெனா காவ்லிக்குக்கு, அதாவது எனக்கு, நன்றி, பதினெட்டுக் குளிர்காலம் அடுப்பு மூட்டிய திருமதி குபிட்சாவுக்கும் நன்றி. குபிட்சா தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "எம் பேரு இருக்கு. டாக்டரம்மா பேரு எங்க இருக்கு? நான் கண்ணாடி கொண்டு வரலம்மா, நீயே பாத்துச் சொல்லு."

பார்த்தேன். முன்னுரையை இரண்டு முறை பார்த்தேன். பின்னிணைப்பில் கிராமங்களின் பட்டியல் இருக்கிறது, ஊர்ப்பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அந்த ஊர்களுக்கெல்லாம் நடந்து போனவரின் பெயர் எங்கும் இல்லை. குபிட்சாவிடம், எழுத்து மிகவும் சின்னது, வீட்டில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நான் சொன்ன பொய்தான். அதற்கும் நீங்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

அறையின் விதி உங்களுக்கு மறந்திருக்காது, ஏனென்றால் அதை எழுதி ஆணியில் மாட்டியவரே நீங்கள். சொல்லைக் கொண்டுவந்தவரின் முதலெழுத்தும் வருடமும் இல்லாத சீட்டு பெட்டிக்குள் போகக் கூடாது. வலது மேல் ஓரத்தில் எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எழுத மறந்த ஒன்பது சீட்டுகளை நீங்கள் என் மேசையில் திருப்பி வைத்தீர்கள். சொல்லுக்கும் அப்பா அம்மா உண்டு, அநாதையாக விடாதே என்றீர்கள். அன்று மாலை டிராமில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன். ஒரு பெரிய மனிதரிடம் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அவ்வளவு சந்தோஷம்.

போன வருடம் ஏப்ரலில் என்னைக் கூப்பிட்டீர்கள். அமைச்சகம் கொடுத்த இரும்பு அலமாரிகள் வந்திருந்தன. இழுப்பறைகள் உயரம் குறைவு, சீட்டுகள் முட்டும், எல்லாவற்றிலும் மேலே ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிடு என்றீர்கள். சொல் எழுதிய வரி அதற்குக் கீழேதான் இருக்கிறது, சேதம் வராது என்றீர்கள். முதலெழுத்துகள் போய்விடுமே என்றேன். அதையெல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது என்றீர்கள். நான் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. உங்களிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா?

பன்னிரண்டு நாள் பைண்டிங் கடையில் நின்றேன். இயந்திரத்தை ஓட்டிய பிரெக் சிரித்தார்: "என்னம்மா இது, நல்லா இருக்கிற சீட்டுக்கெல்லாம் தலையச் சீவுறீங்க? உங்க ஆளுக்கு யார் மேல கோவம்?" நானும் சிரித்தேன். நாற்பதாயிரம் சீட்டுகள். வெட்டிய ஓரங்கள் நான்கு சாக்கு. குபிட்சா அதை வைத்து மே மாதக் குளிருக்கு அடுப்பு மூட்டினாள்.

போன வாரம் புதிதாக எழுதிய சீட்டுகள் வந்தன, வெட்டாதவை. அவசரத்தில் அப்படியே இழுப்பறையில் நிறுத்தினேன். நின்றன. மூடினேன். மூடியது. மேலே இன்னும் ஒரு விரல் இடம் இருந்தது. ஒவ்வொரு அலமாரியாக இழுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடம் இருந்தது. பிறகு பதிவேட்டைத் தேடினேன். அப்படி ஒன்று கிடையாது என்று செயலாளர் சொன்னார்.

ஐயா, இதற்கு வேறு ஏதாவது விளக்கம் இருந்தால் எழுதுங்கள். நான் முட்டாள் என்று நிரூபித்துவிடுங்கள், நன்றி சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உதவியாளர்,
பொஜெனா காவ்லிக்


கிராகோவ்,
10 ஜனவரி 1972

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா,

பதில் வரவில்லை. ஆனால் எட்டாம் தேதி, புனித செவெரின் நாளில், உங்கள் பெயர்நாளுக்கு வரச்சொல்லி உங்கள் வீட்டம்மாவின் அழைப்பு வந்தது, போன வருடம் போலவே. பெயர்நாளுக்குப் போகாமல் இருந்தால் வாழ்நாள் பகை என்று எனக்குத் தெரியும். மூன்று வெள்ளைப் பூக்களும் ஒரு சாக்லேட் பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். இனி இந்த ஊரில் இது வேறு மாதிரி சொல்லப்படும்.

எல்லோரும் கோப்பையைத் தூக்கி உங்கள் ஆரோக்கியத்துக்குக் குடித்தார்கள். அச்சக இயக்குநர் உங்களை மலை என்றார். துறைத்தலைவர் மலையைவிடப் பெரியது ஏதாவது தேடிக் கிடைக்காமல் மறுபடியும் மலை என்றார். என் முறை வந்தபோது நான் சொன்னது ஒரே வரி: "இங்க இல்லாத டாக்டர் எஸ்தெரா லெவெந்தால் ஆரோக்கியத்துக்கு."

யாரும் கோப்பையைத் தொடவில்லை. அம்மாதான் எழுந்து தட்டை நீட்டினார்கள்: "பொஜெனா, மீன் எடுத்துக்கோம்மா. வெங்காயம் போட்டு ரெண்டு நாள் ஊறினது. வெறும் வயித்துல குடிக்காத." துறைத்தலைவர் உடனே மீனைப் புகழ ஆரம்பித்தார். இந்த நாட்டில் கேட்கக் கூடாத பெயர் காதில் விழுந்தால் மீனுக்கு வரும் மரியாதையைப் பாருங்கள்.

உங்கள் கூடத்து நிலைக்கண்ணாடியின் சட்டத்தில் வாழ்த்து அட்டைகளைச் செருகியிருந்தார்கள். சுவீடன் அஞ்சல்தலை ஒட்டிய அட்டை மட்டும் திருப்பிச் செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தேன், எழுத்து எனக்குத் தெரியும். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட மூன்றாவது வருடமும் உங்கள் பெயர்நாளை டாக்டரம்மா மறக்கவில்லை.

கோட்டு மாட்டும் இடத்துக்கு என் பின்னாலேயே வந்தீர்கள். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் மாற்றினேன் என்று வரக் கூடாது: "பொஜெனா, நீ சின்னப் பொண்ணு. அந்தப் பேரு இருந்திருந்தா அகராதியே வந்திருக்காது. பேரு முக்கியமா, சொல்லு முக்கியமா?"

இரண்டு நாளாக யோசித்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். அறுபத்தெட்டில் என்ன நடந்தது என்று எனக்கும் தெரியும். யூதர் என்பதற்காக வேலையிலிருந்து தூக்கினார்கள், செய்தித்தாளில் திட்டினார்கள், குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். அவரை வெளியேற்றிய கூட்டத்துக்கு நீங்கள் தலைமை தாங்கினீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களும் பேசவில்லை, நானும் கடைசி வரிசையில் இருந்தேன். முகப்பில் அவர் பெயர் வந்தால் தணிக்கையில் நிறுத்தியிருப்பார்கள் என்பதும் சரியாக இருக்கலாம். ஆனால் தணிக்கைக்காரன் எங்கள் அறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்ததில்லையே ஐயா. அவனுக்குக் காட்டத் தேவையானது ஒரு முகப்புத்தாள்தான். சீட்டின் ஓரம் யாருக்கு இடைஞ்சல்? அதை வெட்டச் சொன்னது அரசாங்கம் இல்லை.

வார்சா ரயில் நிலையத்தில் அவரை வழியனுப்ப நீங்கள் வரவில்லை, என்னை அனுப்பினீர்கள். சுங்கத்தில் அவருடைய பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். கையால் எழுதிய தாள் ஒன்றுகூட எல்லை தாண்டக் கூடாது என்று விதி. மளிகைப் பட்டியலைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள். ரயில் படியில் நின்று என்னிடம் சொன்னார்: "சீட்டெல்லாம் அங்க பத்திரமா இருக்குல்ல, அது போதும் குட்டி. ஓரத்துல எம் பேரு இருக்கு. இன்னும் அம்பது வருஷம் கழிச்சு எவனாவது எடுத்துப் பாப்பான்."

இதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வெட்டச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்பத்தான் ஆசை. இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒருவேளை அதனாலேயே இன்னும் சீக்கிரம் வெட்டச் சொல்லியிருப்பீர்கள்.

இன்று காலை விழாக் குழுவிடமிருந்து உத்தரவு வந்தது. மே மாதம் உங்களுக்கு எழுபது நிறைகிறது, மலர் வருகிறது, "பேராசிரியரின் வாழ்வும் பணியும்" என்ற கட்டுரையை நான் எழுத வேண்டுமாம். நீங்களே என் பெயரைச் சொன்னீர்களாம். மூத்தவர்கள் ஏழு பேர் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்தது என் வாயை அடைக்கத்தான் என்று எனக்குப் புரிகிறது. எழுதுகிறேன்.

அம்மாவின் மீன் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

பொஜெனா காவ்லிக்


கிராகோவ்,
21 மார்ச் 1972

பேராசிரியர் ஐயா அவர்களுக்கு,

கட்டுரை பாதியில் நிற்கிறது. எது வரை வந்திருக்கிறேன் என்று சொல்கிறேன்.

வில்னோ நகருக்குக் கிழக்கே ஒரு மாவு மில்காரரின் மகன். வீட்டில் போலிஷ், மில்லுக்கு வரும் குடியானவர்களிடம் லிதுவேனியம், பள்ளியில் ரஷ்யம். பன்னிரண்டு வயதில் மூட்டைமேல் உட்கார்ந்து மூன்று மொழிகளிலும் ஒரே பொருளுக்கு என்ன சொல்கிறார்கள் என்று மாவு படிந்த பலகையில் விரலால் எழுதிப் பார்த்த பையன். பிறகு உதவித்தொகை, சமஸ்கிருதம், முப்பத்தொரு வயதில் முதல் நூல். குடியானவன் பேச்சு கொச்சை என்று எழுதிய பெரிய பேராசிரியரை அவர் வீட்டு விருந்திலேயே எதிர்த்துப் பேசி, வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் திண்டாட்டம். போர் வந்தது. மற்றவர்களோடு சேர்த்து உங்களையும் ஜெர்மானியர்கள் முகாமுக்கு இழுத்துப் போனார்கள். இடது காலில் மூன்று விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினீர்கள். திரும்பிய உடனே சமையலறைகளில் ரகசிய வகுப்பு. பிடிபட்டால் சுட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் பெருமையோடுதான் எழுதினேன். பொய் இல்லை. இந்த மனிதரைத்தான் என் பதினெட்டாம் வயதில் நோவா ஹூத்தா இரும்பாலைத் தொழிலாளர் மன்றத்தில் கேட்டேன். கிரேன் ஓட்டும் என் அப்பா பேசும் பேச்சில் நானூறு வருடப் பழைய சொற்கள் இருக்கின்றன என்று மேடையில் சொன்னீர்கள். அதுவரை அப்பா பேசுவதைக் கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும். உங்களால் அது போயிற்று. அதனால்தான் இப்போது இவ்வளவு வலிக்கிறது. அற்பன் ஒருவன் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

பிறகு நாற்பத்தாறு. அங்கே நிற்கிறேன். ஒரு பெண் உங்கள் அறைக்கு வெறுங்கையோடு வருகிறார். போருக்கு முன் லிதுவேனியக் கிராமங்களில் அலைந்து சேர்த்த குறிப்புகள் எல்லாம் எரிந்துபோயின, குடும்பமே இல்லாமல் போயிற்று. ஒரு தேனீ வளர்ப்பவரின் களஞ்சியத்தில் இரண்டு வருடம் ஒளிந்திருந்தபோது பைத்தியம் பிடிக்காமல் இருக்கச் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மேசையில் உட்கார்ந்து நினைவிலிருந்தே மூவாயிரம் சீட்டுகள் எழுதினார். முதல் சீட்டின் ஓரத்தில் அவருடைய முதலெழுத்தை எழுதியது நீங்கள். விதி அன்றுதான் பிறந்தது. இதை எனக்குச் சொன்னவரும் நீங்கள்தான், ஒரு பெயர்நாளில், கண் கலங்கி.

கையெழுத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறாயிரத்துச் சொச்சம் சீட்டுகள் அவருடையவை. ஆறு வாரம் ஆனது. நான் எண்ணுவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நேற்று உங்கள் புது உத்தரவு வந்தது: சீட்டுகளை எல்லாம் புதிதாகத் தட்டச்சு செய்துவிட்டு, பழையதைக் கழிவுத்தாளுக்கு அனுப்ப வேண்டுமாம். கழிவுத்தாள் கொண்டுபோனால் கழிப்பறைக் காகிதச் சுருள் தருகிறார்கள் என்று குபிட்சா சொல்கிறாள். முதலில் ஓரம், இப்போது மிச்சம்.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. யாரோ பிரித்து ஒட்டியது தெரிந்தது, ஆனாலும் வந்துவிட்டது. சுவீடனில் மருத்துவமனைச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறார். ஐம்பத்தெட்டு வயது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் லிதுவேனியம் கற்பிக்க ஆள் தேடுகிறார்கள். விண்ணப்பித்தார். அகராதியில் தன் பங்கு என்ன என்று எழுதினார். அவர்கள் உங்களைக் கேட்டார்கள். நீங்கள் பதில் போட்டீர்கள்: டாக்டர் லெவெந்தால் சில காலம் எழுத்துவேலையில் உதவினார்.

எனக்கு ஒரு பதிலும் இல்லை, ஆனால் இதை எழுத உங்களுக்கு நேரம் இருந்தது. சுவீடன்காரர்களுக்குப் போகும் தனிக் கடிதம் ஐயா. அதில் உண்மையை எழுதினால் எந்த அகராதியும் நின்றுபோகாது.

அவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவருக்கு வயசாச்சு குட்டி, மறந்திருப்பாரு. நீ பக்கத்துலதான இருக்க, மெதுவா ஞாபகப்படுத்து. சத்தம் போடாத, அவருக்கு ரத்தக் கொதிப்பு." சீட்டுகளை வெட்டிய செய்தி அவருக்குத் தெரியாது. எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை இரண்டாம் தொகுதியின் முகப்புத்தாள் திருத்தத்துக்கு வந்தது. உங்கள் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில்: பொஜெனா காவ்லிக்கின் ஒத்துழைப்புடன்.

வீட்டுக்கு எடுத்துப் போனேன். எடுத்துப் போயிருக்கக் கூடாது. அப்பா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து அதை வாங்கினார். காவ்லிக் என்ற பெயர் இதற்கு முன் அச்சில் வந்தது சம்பளப் பட்டியலிலும் தாத்தாவின் மரண அறிவிப்பிலும்தான். அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். அது யாருடைய இடம் என்று சொன்னேன். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஆலையில ஒருத்தன் அடிபட்டுப் போனா, அவன் இருந்த இடத்துக்கு மறுநாளே ஆள் போடுவாங்க. அதுக்குப் போறவன் மேல தப்பில்ல. ஆனா இவரு தள்ளிவிட்டுட்டுல்ல கூப்பிடுறாரு."

என் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, அந்தத் தாளை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சுவீடனில் ஏப்ரல் பதினைந்தாம் தேதி முடிவு செய்கிறார்கள். நான் சாட்சி எழுதி அனுப்பிவிட்டேன். உதவியாளரின் சாட்சி போதாது, முதன்மை ஆசிரியர் சொல்ல வேண்டும் என்று பதில் வந்துவிட்டது. ஆகவே அந்த இரண்டு வரிகளை நானே தட்டச்சு செய்து, முகவரி எழுதிய உறையோடு இதனுடன் வைத்திருக்கிறேன்: அகராதியின் இருபத்தாறாயிரம் சீட்டுகள் டாக்டர் எஸ்தெரா லெவெந்தால் எழுதியவை, என் முந்தைய கடிதம் தவறு. கையெழுத்துப் போட்டு அஞ்சலில் சேர்த்தால் போதும். பேனா எடுக்கும் நேரம்தான்.

பொஜெனா


கிராகோவ்,
9 ஏப்ரல் 1972

ஐயா,

உறை இன்னும் சுவீடன் போய்ச் சேரவில்லை என்று டாக்டரம்மா தந்தி கொடுத்திருக்கிறார். சத்தம் போடாதே என்று அதிலும் ஒரு வரி. காசு கொடுத்து அனுப்பிய வரி.

ஆண்டிறுதிக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை என்று துறைத்தலைவர் வாய்மொழியாகச் சொன்னார். அதைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. மலருக்கான கட்டுரையை அனுப்பிவிட்டேன். நாற்பத்தாறில் முடிகிறது. மீதியை வேறு யாரிடமாவது எழுதச் சொல்லுங்கள், ஆள் கிடைப்பார்கள். இருபத்தாறாயிரம் சீட்டுகள் கழிவுத்தாளுக்குப் போகாது. எங்கே இருக்கின்றன என்று கேட்காதீர்கள், குபிட்சாவையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

மூன்று மொழிகளில் பேசி வளர்ந்து, சுடும் காலத்தில் சமையலறையில் பாடம் நடத்தி, ஒரு கிரேன்காரரின் மகளுக்குத் தன் அப்பாவின் பேச்சைத் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள். அந்த மனிதர் இன்னும் உள்ளே எங்காவது இருந்தால் இதை அவர் படிக்கட்டும். எழுபது நல்லபடியாக நிறையட்டும், முழங்கால் தேறட்டும், மனதாரச் சொல்கிறேன்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள்.

பொஜெனா காவ்லிக்